"பென்ஷன் கிடையாது" என்று பதில் வந்தால்...

கேஸ் புத்தகம் எங்கே, ரேஷன் கார்டு எங்கே, குழந்தையின் தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்டால் நம்மில் யாரும் விழிக்க மாட்டோம். கரண்ட் போன இருட்டிலும் கை நேரே அந்த இடத்துக்குப் போய்விடும். "உங்க வீட்டுக்காரரோட டிஸ்சார்ஜ் புக் எங்கேம்மா?" என்று கேட்டால்தான் தடுமாற்றம். "அதெல்லாம் அவருதாங்க வச்சிருப்பாரு" என்பது முதல் பதில். "டிரங்குப் பெட்டியில போட்டுப் பரண் மேல ஏத்தினோம், எலி கடிச்சிதோ என்னமோ" என்பது இரண்டாவது பதில்.

செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீலாக இருக்கிற எனக்கு, மாலை நேரத்தில் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அங்கே வருகிற பெண்களில் பட்டாளத்துக் குடும்பத்தவர் எப்போதும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். தாம்பரம் விமானப்படைத் தளம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், திருப்போரூர் பக்கத்துக் கிராமங்களிலும், கடலோரம் சதுரங்கப்பட்டினம் வரையிலும் ராணுவத்துக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வர வேண்டிய பணத்தைப் பற்றி இந்த முறை எழுதச் சொல்லி நாலைந்து வாசகிகள் கேட்டிருந்தார்கள். பணியில் உடம்பு கெட்டுத் திரும்பியவருக்கு உள்ள டிசபிலிடி பென்ஷன், பணியில் இறந்தவரின் மனைவிக்கு உள்ள குடும்ப பென்ஷன், இரண்டையும் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயத்தை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். பென்ஷன் என்பது சர்க்கார் மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல. 1982 டிசம்பர் 17-ஆம் தேதி, டி.எஸ். நகாரா என்பவர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உழைத்த உழைப்புக்குப் பின்னால் வருகிற உரிமை அது. அந்தத் தேதியைத்தான் இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆகவே, "போய்க் கேட்கக் கூச்சமா இருக்கு வக்கீலம்மா" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஒரு வரி படுத்தும் பாடு

பட்டாளத்திலிருந்து உடம்பு சரியில்லை என்று அனுப்பும்போது மெடிக்கல் போர்டு ஒன்று கூடும். அதில் டாக்டர்கள் இரண்டு விஷயங்களை எழுதுவார்கள். உடம்பு எத்தனை சதவீதம் கெட்டிருக்கிறது என்பது ஒன்று. அந்த நோய் ராணுவப் பணியால் வந்ததா, அல்லது முன்பே இருந்து பணியால் அதிகமானதா என்பது இன்னொன்று. "பணியால் வந்ததும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல" என்று ஒரு வரி எழுதிவிட்டால் டிசபிலிடி பென்ஷன் போயிற்று. சிப்பாய்க்குச் சாதாரண சர்வீஸ் பென்ஷன் கிடைக்கப் பதினைந்து வருஷப் பணி வேண்டும். எட்டு, ஒன்பது வருஷத்தில் 'போர்டு அவுட்' ஆகி வருகிறவர் அந்த ஒரு வரியால் வெறுங்கையோடு வீடு வந்து சேருவார்.

பணம் எவ்வளவு என்பதையும் சொல்கிறேன், மளிகைக் கணக்கு மாதிரி போட்டுப் பாருங்கள். நூறு சதவீத பாதிப்புக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம் டிசபிலிடிப் பகுதி. பாதிப்பு குறைந்தால் அந்த விகிதத்தில் இதுவும் குறையும். சம்பளம் 40,000 ரூபாய், பாதிப்பு 20 சதவீதம் என்றால் மாதம் 2,400 ரூபாய். சர்வீஸ் பகுதி என்று ஒன்று இதற்கு மேல் தனியாக உண்டு. பஞ்சப்படியும் சேரும்.

இதில் இன்னொரு சலுகை இருக்கிறது. 50 சதவீதத்துக்குக் கீழே உள்ள பாதிப்பை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 என்றும், அதற்கு மேல் உள்ளதை 100 என்றும் உயர்த்திக் கணக்கிடுவது. அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன 2,400 ரூபாய் 6,000 ரூபாயாகிவிடும். நோயின் காரணமாக நடுவில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது என்று இலாகா வெகு காலம் சொல்லி வந்தது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10-ஆம் தேதி ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதற்கு முன் ஓய்வு பெற்றவர் உங்கள் வீட்டில் இருந்தால், பென்ஷன் ஆர்டரை எடுத்து அதில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

நிரூபிக்க வேண்டியது யார்?

"அவருக்கு இந்த நோய் பட்டாளத்துல போய்த்தான் வந்ததுன்னு நான் எப்படிங்க நிரூபிக்கிறது? நான் என்ன டாக்டரா?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. இதற்கு 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் பதில் சொல்லியிருக்கிறது.

தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985-ல் சிக்னல்ஸ் படையில் சேர்ந்தார். ஒன்பது வருஷம் போல் பணி செய்தபின், வலிப்பு நோய், பாதிப்பு 20 சதவீதம் என்று 1994-ல் அனுப்பிவிட்டார்கள். பணிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று பென்ஷனும் மறுத்தார்கள். சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? ஆளைச் சேர்க்கும்போது உச்சி முதல் உள்ளங்கால் வரை பரிசோதித்துத்தானே சேர்த்தீர்கள்? அப்போது இந்த நோய் இருந்ததாக ஒரு குறிப்பும் இல்லையே? அப்படியானால் ஆரோக்கியமாக வந்தவர், பணியில் இருக்கும்போது கெட்டுப்போனார் என்றுதான் கொள்ள வேண்டும். இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது இலாகாதான், சிப்பாய் அல்ல. சந்தேகத்தின் பலனும் சிப்பாய்க்கே. காரணம் எழுதாமல் "சம்பந்தமில்லை" என்று மட்டும் எழுதினால் போதாது.

1982-ஆம் வருஷத்து விதிகளை வைத்துச் சொன்ன தீர்ப்பு இது. பிறகு 2008-ல் வேறு விதிகளும், 2023 செப்டம்பரில் இன்னும் புதிய விதிகளும் வந்திருக்கின்றன. ஆகவே உங்கள் வீட்டுக்காரர் எந்தத் தேதியில் வெளியே வந்தார் என்பதைப் பொறுத்து வாதம் மாறும். அந்தத் தேதியைத் துல்லியமாக வக்கீலிடம் சொல்லுங்கள்.

பதினாறு வருஷம் கழித்து

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு மீனவப் பெண்மணி வந்தார். கணவர் ஒன்பது வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். அவருக்கும் வலிப்புத்தான். ஊர் திரும்பியதும் அண்ணன் தம்பிகளோடு கடலுக்குப் போகலாம் என்றால், வலிப்பு வருகிற ஆளைப் படகில் ஏற்ற யாருக்கு மனசு வரும்? "நடுக்கடல்ல இழுத்துக்கிச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? அவங்க சொல்றதும் நியாயந்தானே" என்றார் அந்த அம்மா. வண்டி ஓட்டவும் முடியாது. கரையில் உட்கார்ந்து வலை பின்னுவதோடு சரி. அந்த அம்மா மாமல்லபுரத்தில் இட்லிக்கடை போட்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்தார்.

பென்ஷன் மறுத்து வந்த கடிதத்தை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் பதினாறு வருஷமாக வைத்திருந்தாராம். இங்கிலீஷில் இருந்த கடிதம். யாரோ படித்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் வராதாம்" என்று சொன்னதோடு சரி. அதன் கடைசிப் பாராவில் என்ன இருந்தது தெரியுமா? 'இந்த முடிவில் திருப்தி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம்' என்று இருந்தது! அந்த ஒரு பாராவை அவருக்கு யாருமே படித்துக் காட்டவில்லை.

மனுப் போட்டோம், தாமதத்தை மன்னிக்கக் கேட்டோம், தீர்ப்பாயத்துக்குப் போனோம். பென்ஷன் வந்தது. ஆனால் பாக்கித் தொகை, வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும்தான் வந்தது. பென்ஷன் மறுப்பு என்பது மாதா மாதம் தொடரும் தவறு, ஆகவே தாமதமாக வந்தாலும் வழக்கைக் கேட்கலாம், ஆனால் பாக்கியை மூன்று வருஷத்தோடு நிறுத்தலாம் என்று 2008-ல் தர்செம் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வைத்த கணக்கு அது. "அப்போ அந்தப் பதிமூணு வருஷம்?" என்று அந்த அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். இங்கிலீஷ் கடிதம் வந்தால் முழுவதையும், கடைசி வரி வரைக்கும், தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "கிடையாது" என்ற வார்த்தைக்குக் கீழேதான் அடுத்து எங்கே போகலாம் என்பது இருக்கும்.

மனைவிக்கு உள்ள மூன்று வகை

கணவர் இறந்துவிட்டால் குடும்ப பென்ஷன் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் மூன்று வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பணிக்குச் சம்பந்தமில்லாத சாதாரண மரணம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். இதற்கே ஆரம்பத்தில் சில வருஷங்களுக்கு 50 சதவீதம் வரும். பணியால் ஏற்பட்ட மரணம் என்றால் விசேஷக் குடும்ப பென்ஷன், 60 சதவீதம். போரிலோ அதற்குச் சமமான நடவடிக்கையிலோ இறந்தால் தாராளக் குடும்ப பென்ஷன், கடைசிச் சம்பளம் முழுவதும். அதே 40,000 ரூபாய்க் கணக்கில் 12,000, 24,000, 40,000 என்று வரும். எந்த வகையில் போடுகிறார்கள் என்பதில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே இருக்கிறது.

ஜம்மு காஷ்மீரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே, 2013 ஜனவரியில் கடுங்குளிரில் ரோந்து போன நாயக் ஒருவர் மூச்சுத் திணறி, மாரடைப்பால் இறந்துபோனார். முதலில் அதைப் போர்க்கள இழப்பு என்று குறித்தவர்கள், பிறகு சாதாரண உடல்நல இழப்பு என்று மாற்றிவிட்டார்கள். அவர் மனைவிக்குத் தாராளக் குடும்ப பென்ஷன் கிடைக்கவில்லை. அந்தப் பெண் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போய் 2019-ல் ஜெயித்தார். மத்திய அரசு விடவில்லை, சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2024 டிசம்பர் 3-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த அப்பீலைத் தள்ளுபடி செய்தது. இறந்த வீரரின் மனைவியைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கவே கூடாது என்று கண்டித்து, அவருக்கு 50,000 ரூபாய் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது. ஆனாலும் பாருங்கள், கணவர் போய்ப் பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

லீவில் வரும் வழியில் விபத்து நேர்ந்தால்? அரசு செலவில் பயணம் செய்யத் தகுதி உள்ள லீவுப் பயணத்தைப் பணியின் பகுதியாகவே 1982 விதிகள் கருதின. அதனால் ரயில் வாரண்ட், டிக்கெட், லீவ் சர்டிபிகேட் எதையும் துக்கத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இனிஷியல் படுத்தும் தொல்லை

நம் தமிழ்நாட்டுப் பெண்களுக்கென்றே ஒரு கஷ்டம் உண்டு. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். பட்டாளத்து ரெக்கார்டில் வெறும் 'சரஸ்வதி', ஆதாரில் 'கே. சரஸ்வதி', பாங்க் புத்தகத்தில் 'சரஸ்வதி கிருஷ்ணன்' என்று மூன்று பேராக இருப்போம்! பிறந்த தேதியும் இடத்துக்கு ஒன்றாக இருக்கும். இப்போது ராணுவ பென்ஷன் எல்லாம் 'ஸ்பர்ஷ்' என்ற கம்ப்யூட்டர் முறைக்கு மாறிவிட்டது. கம்ப்யூட்டருக்கு நம் இனிஷியல் வழக்கம் புரியாது. பெயர் பொருந்தவில்லையென்றால் கிளெய்ம் அப்படியே நின்றுவிடும்.

கணவர் நன்றாக இருக்கும்போதே இதைச் சரி செய்யுங்கள். அவர் கையெழுத்துப் போட்டு ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதினால் சுலபமாக முடியும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினீயர்ஸ் என்றால் பெங்களூர், இப்படி ஒவ்வொரு படைக்கும் ஒரு ரெக்கார்டு ஆபீஸ் உண்டு. திருமணம், குழந்தை பிறப்பு எல்லாம் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற குறிப்பில் ஏறியிருக்க வேண்டும். இளம் தாய்மார்களே, குழந்தை பிறந்ததும் தொட்டில் வாங்குகிற அவசரத்தோடு இதையும் செய்யச் சொல்லி அவருக்கு எழுதுங்கள்.

மனவளர்ச்சி குன்றிய குழந்தையோ, தானே சம்பாதிக்க முடியாதபடி உடல் ஊனமுள்ள குழந்தையோ இருந்தால், பெற்றோர் காலத்துக்குப் பின் அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப பென்ஷன் வர வழி உண்டு. அதற்கான டாக்டர் சான்றிதழை வாங்கி, நீங்கள் இருக்கும்போதே ரெக்கார்டில் பதிந்துவிடுங்கள். "எனக்கப்புறம் இதை யாரு பாத்துப்பாங்க?" என்று ராத்திரியெல்லாம் விழித்திருக்கிற தாய்க்கு இது கொஞ்சமாவது தூக்கம் தரும்.

எங்கே போவது, யாரிடம் போவது?

மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் இலாகாவிலேயே அப்பீல். அதிலும் கைவிரித்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் வருஷச் சட்டத்தால் உண்டாகி, 2009-ல் வேலை தொடங்கியது. டில்லிக்குப் போக வேண்டாம், சென்னையிலேயே கிளை இருக்கிறது. நீதிபதியாக இருந்த ஒருவரும், படையில் உயர் பதவியில் இருந்த ஒருவரும் சேர்ந்து விசாரிப்பார்கள். கடைசி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதமாகிவிட்டால் தகுந்த காரணம் சொல்லி அனுமதி கேட்கலாம். நீங்களே நின்று வாதாடலாம், வக்கீல் வைத்தும் வாதாடலாம். மெடிக்கல் போர்டு காகிதங்கள் கையில் இல்லையென்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம்.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்பீர்கள். 1987-ஆம் வருஷச் சட்டப் பணிகள் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண் என்ற ஒரே காரணத்துக்காக இலவச சட்ட உதவி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஊனமுற்றவர்களுக்கும் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். 2025 ஜூலை 26-ஆம் தேதி, கார்கில் வெற்றி தினத்தன்று, படைவீரர் குடும்பங்களுக்கென்றே 'வீர் பரிவார் சகாயதா யோஜனா' என்ற சட்ட உதவித் திட்டத்தையும் தேசிய ஆணைக்குழு தொடங்கியிருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதைப் பற்றிக் கேளுங்கள். அங்கே பெயரைப் பதிந்து அடையாள அட்டை வாங்குவதும் அவசியம்.

ஒரு எச்சரிக்கை. "பாக்கி வரட்டும்மா, ஆளுக்குப் பாதி" என்று பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஜெயித்தால் பங்கு என்று பேசி வழக்கு எடுப்பது வக்கீலுக்குத் தடை செய்யப்பட்ட விஷயம். பார் கவுன்சில் விதியே அப்படித்தான். வக்கீல் அல்லாத புரோக்கர் கேட்டால் சொல்லவே வேண்டாம். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் காகிதத்தைக் கைவிடாதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். பாங்க் பாஸ் புத்தகமும் ஏ.டி.எம். கார்டும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

ஒரு பைல் கட்டுங்கள்

இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பரண் மேலிருந்து அந்த டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆர்டர், மெடிக்கல் போர்டு காகிதங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், இலாகாவிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதமும் உறையோடு, கல்யாணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாங்க் புத்தகம் இவற்றை ஒரே பைலில் போடுங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுங்கள். முதல் பக்கத்தில் அவருடைய ஆர்மி நம்பர், படைப்பிரிவின் பெயர், சேர்ந்த தேதி, வந்த தேதி இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வருஷா வருஷம் உயிர்ச்சான்று எந்த மாதம் கொடுக்க வேண்டும் என்பதைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். நாலு வேப்பிலையைப் பெட்டியில் போட்டால் பூச்சியும் அண்டாது.

படைக்குப் போனவர் வீட்டில் இல்லாத வருஷங்களில் பால் கணக்கு, பள்ளிக்கூட பீஸ், மாமியார் வைத்தியம் எல்லாவற்றையும் நீங்கள்தானே பார்த்தீர்கள்? இந்தப் பைலையும் பாருங்கள். அடுத்த இதழில், மஞ்சக்காணியாக வந்த நிலம் யாருக்குச் சேரும் என்று மதுராந்தகம் சகோதரி கேட்டிருக்கும் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.